பத்துக் கடமைகளும் ஒரு கேள்வியும்: கன்ஃபூசியஸ் வகுப்பறையில் குடிமகன்

(மின்னிதழின் ஒலிப்பேச்சு – எழுத்து வடிவம்)



இந்த முறை பேச்சை ஒரு சின்ன அனுபவத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். சில மாதங்களுக்கு முன்னால் ‘நல்ல குடிமகனின் பத்துக் கடமைகள்’ என்று வாட்ஸ்அப்பில் பகிர்வதற்காக ஓர் அட்டை எழுதினேன். வரியை உரிய காலத்தில் கட்டுங்கள், வரிசையில் நில்லுங்கள், குப்பையைப் பிரித்துப் போடுங்கள், இடைத்தரகரை நாடாதீர்கள்... இப்படிப் பத்து வரி. படம் போட்டு, வண்ணம் போட்டு, பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது.

அந்த அட்டையைப் பெரிதாக அச்சிட்டு ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். விண்ணப்பத்தோடு வந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து வரியையும் பொறுமையாகப் படித்தார். நான் பக்கத்தில் நின்றேன். படித்து முடித்ததும் கேட்டார்: “பத்தும் சரிதான் தம்பி. நான் இதெல்லாம் செஞ்சுக்கிட்டுதான் இருக்கேன். உங்க பக்கத்துக்கு ஒரு பத்து எழுதலையா?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. மக்களுக்கு நல்லொழுக்கம் சொல்லித் தந்தால் நல்ல குடிமக்கள் உருவாகிவிடுவார்களா? சொல்லித் தருகிறவர்களுக்கு யார் சொல்லித் தருவது? இந்தக் கேள்வியை யார் எப்போது கேட்டிருக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடல் போய் நின்ற இடம் சீனா. ஒழுக்கப் பாடத்தையும் ஆட்சியையும் ஒன்றாகக் கட்டி, 1,300 ஆண்டுகள் நடத்திப் பார்த்த நாடு அது. அந்தக் கதையைத்தான் இன்றைக்கு உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

பெயருக்கு ஏற்ற நடத்தை

கன்ஃபூசியஸ் கி.மு. 551இல் பிறந்து கி.மு. 479இல் மறைந்தவர். ஊர், இன்றைய ஷான்டோங் மாகாணத்தில் இருக்கும் சூஃபூ. அன்றைக்கு அது லூ என்ற சிற்றரசு. மன்னர்களுக்கு ஆலோசகராகவேண்டும் என்று ஊர் ஊராகப் போனார். பெரிதாக யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஆசிரியராக நிலைத்தார். காய்ந்த இறைச்சிக் கட்டு ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்தவருக்குக்கூட அவர் பாடம் சொன்னார் என்று அவருடைய உரையாடல் தொகுப்பில் இருக்கிறது. பிரபுக்களின் பிள்ளைகளுக்கு மட்டுமே என்றிருந்த படிப்பை அவர் வெளியே கொண்டுவந்தார்.

அவர் செய்த இன்னொரு வேலை முக்கியமானது. ‘ஜுன்ட்ஸு’ என்று ஒரு சொல். அதன் பழைய பொருள், பிரபுவின் மகன். பிறப்பால் வருகிற தகுதி. கன்ஃபூசியஸ் அதே சொல்லை எடுத்து, நடத்தையால் உயர்ந்த மனிதர் என்று பொருளை மாற்றினார். பிறப்பை வைத்துச் சொன்னதைப் படிப்பையும் பழக்கத்தையும் வைத்துச் சொல்ல ஆரம்பித்தார்.

ஆட்சிக்கு வந்தால் முதல் வேலையாக என்ன செய்வீர்கள் என்று சீடர் கேட்டபோது, பெயர்களைச் சரிசெய்வேன் என்றாராம். அரசர் என்ற பெயர் இருந்தால் அவர் அரசராக நடக்கவேண்டும். தந்தை தந்தையாக நடக்கவேண்டும். மகன் மகனாக நடக்கவேண்டும். இதை நாம் வழக்கமாகக் கீழ்ப்படிதல் பாடமாகவே கேட்டிருப்போம். கொஞ்சம் கவனித்தால் பட்டியலில் முதலில் நிற்பவர் அரசர். பெயருக்கு ஏற்றபடி நடக்கவேண்டிய கடமை அவருக்கும் உண்டு. முகாமில் அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்: ‘சேவை’ என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, அந்தப் பெயருக்கு ஏற்றபடி நடக்கிறதா?

மனப்பாடமும் தேர்வும்

இந்தச் சிந்தனை எப்படி ஒரு நாட்டின் பாடத்திட்டமானது? சூயி வம்ச காலத்தில், 605ஆம் ஆண்டு வாக்கில், அதிகாரிகளைத் தேர்வு வைத்து எடுக்கும் வழக்கம் தொடங்கியது. அடுத்தடுத்த வம்சங்களில் அது பெரிதாக வளர்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜூ ஷி என்ற அறிஞர் நான்கு நூல்களைத் தேர்ந்தெடுத்து உரை எழுதினார். கன்ஃபூசியஸின் உரையாடல்கள், மென்சியஸ், ‘பெருங்கல்வி’, ‘நடுநிலை’ ஆகிய இந்த நான்கும் 1313இல் தேர்வுக்கான அடிப்படைப் பாடமாக அறிவிக்கப்பட்டன. அதன் பிறகு அறுநூறு ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட இதுவே சிலபஸ்.

கிராமத்துப் பிள்ளை ஐந்தாறு வயதில் மூன்று மூன்று எழுத்தாக அமைந்த ஒரு சிறு நூலைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்யும். பிறகு ஆயிரம் எழுத்து நூல். அப்புறம் நான்கு நூல்கள். பொருள் பிறகு புரியட்டும், முதலில் வாய்க்கு வரட்டும் என்பதே முறை. பெரியவனானதும் மாவட்டம், மாகாணம், தலைநகரம் என்று படிப்படியாகத் தேர்வு. நான்ஜிங்கில் இருந்த தேர்வு வளாகத்தில் உச்ச காலத்தில் 20,000க்கும் மேற்பட்ட சிறு அறைகள் இருந்தன. அறை என்று சொன்னாலும் ஓர் ஆள் உட்கார மட்டுமே இடம். எழுதுவதும் சாப்பிடுவதும் தூங்குவதும் அதற்குள்ளேயே. உள்சட்டை முழுக்கப் பொடி எழுத்தில் பாடத்தை எழுதிக்கொண்டு போன ‘பிட்’ சட்டைகள் இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன!

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு தகவல். கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் சர்வீஸுக்கு 1855இல் போட்டித் தேர்வு வந்தது. அந்த யோசனை பிரிட்டனில் பேசப்பட்ட காலத்தில் சீனத் தேர்வு முறையும் விவாதத்தில் அடிபட்டது. அதை ஆதரித்தவர்களும் சுட்டிக்காட்டினார்கள், எதிர்த்தவர்களும் சுட்டிக்காட்டினார்கள். நீங்கள் நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளுக்குப் பின்னால் அப்படி ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கிறது.

இந்தக் கல்வியின் நல்லது என்ன? பிறப்பைக் கேட்காமல் தகுதியைக் கேட்கும் வழக்கத்தை ஒரு பேரரசே ஏற்றுக்கொண்டது. குறை என்ன? பெண்களுக்குத் தேர்வு எழுத இடமே இல்லை. ‘இழிந்தவர்’ என்று ஒதுக்கப்பட்ட சில தொழில்காரர்களுக்கும் இல்லை. உழவர் மகன் எழுதலாம் என்று விதி இருந்தாலும், இருபது முப்பது வருஷம் வேலைக்குப் போகாமல் படிக்க எத்தனை உழவர் வீட்டால் முடியும்? கதவு திறந்திருந்தது, படிக்கட்டு உயரமாக இருந்தது.

1076: அக்கம்பக்கத்தார் எழுதிய ஒப்பந்தம்

அதிகாரி ஆகாதவர்கள் என்ன ஆனார்கள்? படித்துவிட்டு ஊரிலேயே தங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்களே? என்னை ரொம்பக் கவர்ந்த பகுதி இதுதான்.

1076ஆம் ஆண்டு, இன்றைய ஷியான் நகரத்துக்குப் பக்கத்தில் லான்டியன் என்ற இடம். லூ குடும்பத்துச் சகோதரர்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். அதில் நான்கு அம்சங்கள். நல்லதில் ஒருவரை ஒருவர் ஊக்கப்படுத்துவது. தப்பு செய்தால் ஒருவரை ஒருவர் திருத்துவது. நல்லது கெட்டதுகளில் முறையோடு பழகுவது. கஷ்டத்தில் ஒருவருக்கு ஒருவர் உதவுவது.

கஷ்டம் என்றால் எது எது என்றும் வகைப்படுத்தி வைத்தார்கள். வெள்ளமும் தீயும், திருட்டு, நோய், சாவு, ஆதரவற்ற பிள்ளைகள், பொய்ப் பழி, வறுமை என்று ஏழு. பொய்ப் பழி அந்தப் பட்டியலில் இருப்பதைப் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரர் மேல் அநியாயமாக வழக்கு வந்தால், அவருக்காகப் பேசப் போவதும் ஊர்க்காரர் கடமை.

சேருவது அவரவர் விருப்பம். மாதம் ஒருமுறை கூடிச் சாப்பிடுவார்கள், பேசுவார்கள். யார் நல்லது செய்தார், யார் தவறினார் என்று பதிவேட்டில் எழுதுவார்கள். மாதாமாதம் பொறுப்பு ஆள் மாறும். அந்தஸ்து பார்க்காமல் முறை வைத்து மாறும். தவறினால் அபராதம் உண்டு, திருந்தவே மாட்டார் என்றால் நீக்கமும் உண்டு.

அதிகாரி உத்தரவு போட்டு வந்ததல்ல இது. படித்தவர்கள், படித்ததை ஊருக்குள் கொண்டுவந்து, தங்களையும் அந்த விதிகளுக்குள் வைத்துக்கொண்டு நடத்தியது. ‘குடிமகன்’ என்ற சொல் அவர்களிடம் இல்லை. ஆனால் வேலை குடிமக்கள் வேலைதான். நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ‘குட் மார்னிங்’ படத்துக்கு நடுவே யாராவது “மூணாவது மாடி அம்மாவுக்கு ரத்தம் வேணும்” என்று போட்டதும் நாலு பேர் கிளம்புகிறார்களே, அந்த மாதிரி.

நூறு ஆண்டு கழித்து ஜூ ஷி இந்த ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினார். அதனால் அது நாடு முழுக்கத் தெரிந்தது. கொரியாவுக்கும் போனது, அங்கே தோய்கே என்று அழைக்கப்படும் அறிஞர் யி ஹ்வாங் 1556இல் தன் ஊருக்கு ஓர் ஒப்பந்தம் எழுதினார். கொரியாவின் ஆயிரம் வோன் நோட்டில் இருப்பது அவர் படம்தான். ஆனால் அங்கே பிரபுக் குடும்பத்தாரின் கை ஓங்கியிருந்தது. ஒரே தப்புக்கு மேல்சாதியாருக்கு ஒரு தண்டனை, எளியவருக்கு இன்னொன்று என்ற நிலையும் இருந்தது. அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

ஒப்பந்தம் அறிவிப்பானது எப்படி?

நல்ல யோசனை ஒன்று மக்களிடம் இருந்தால் அரசு சும்மா இருக்குமா? எடுத்துக்கொண்டது.

மிங் வம்சத்தைத் தொடங்கிய ஹுங்வூ பேரரசர் மக்களுக்கு ஆறு அறிவுரைகளை வகுத்தார். பெற்றோர், பெரியோர், அக்கம்பக்கம், பிள்ளை வளர்ப்பு, அவரவர் தொழில், தீயவை செய்யாமை என்று ஆறு. 1398ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, ஊருக்கு ஒரு முதியவர் அல்லது பார்வையற்றவர் மணியைக் கையில் பிடித்து, தெருத்தெருவாக அந்த ஆறையும் கூவிக்கொண்டே போகவேண்டும். மாதத்துக்கு ஆறு முறை. அந்தக் காலத்து நோட்டிஃபிகேஷன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1520 வாக்கில் தெற்கு ஜியாங்ஷி பகுதியில் கலகங்களை அடக்கிய அதிகாரியும் தத்துவ அறிஞருமான வாங் யாங்மிங், அங்கே ஊர் ஒப்பந்த முறையைக் கொண்டுவந்தார். நோக்கம் நல்லதே. ஆனால் இந்த முறை ஒப்பந்தத்தை எழுதியது ஊர் அல்ல, அதிகாரி. விரும்பினால் சேரலாம் என்பது மாறி, சேர்ந்தே ஆகவேண்டும் என்றானது.

அடுத்த வம்சத்தில், 1670இல், காங்ஷி பேரரசர் பதினாறு அறிவுரைகளை வெளியிட்டார். குடும்ப ஒற்றுமையில் ஆரம்பித்து, வரியைப் பாக்கியில்லாமல் கட்டிவிடுங்கள், வசூலுக்கு ஆள் வராது என்பதுவரை அதில் இருந்தது. அவருக்குப் பின் வந்த யோங்செங் பேரரசர் 1724இல் அதற்குச் சுமார் 10,000 எழுத்தில் விளக்கம் எழுதினார். மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ஊரைக் கூட்டி வாசிக்கவேண்டும் என்று ஏற்பாடு. 19ஆம் நூற்றாண்டுக்கு வரும்போது பல இடங்களில் அது வெறும் சடங்கு. அதிகாரி வருவார், வாசிப்பார், கூட்டம் கலையும்.

இதைப் படித்தபோது எனக்கு முகம் சிவந்துவிட்டது என்றே சொல்லவேண்டும். நான் எழுதிய அட்டையில் பத்து வரி, பேரரசர் எழுதியதில் பதினாறு. வரி கட்டுங்கள் என்பது இரண்டிலும் இருக்கிறது!

லான்டியன் ஒப்பந்தத்தில் இருந்த எது இந்தப் பதினாறில் இல்லை? நல்லொழுக்கம் இரண்டிலும் இருக்கிறது. ‘ஒருவரை ஒருவர்’ என்ற சொல்தான் காணாமல் போயிருக்கிறது. முதலாவதில் எல்லாரும் பேசினார்கள், எல்லாருக்கும் விதி இருந்தது. இரண்டாவதில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டார்கள்.

கத்தரிக்கோல் பட்ட பாடநூல்

அப்படியானால் கன்ஃபூசியஸ் வழிக் கல்வி என்பதே தலையாட்டக் கற்றுத்தந்த கல்வியா? அப்படியும் சொல்லிவிட முடியாது. அந்த நான்கு நூல்களில் ஒன்று மென்சியஸ். மக்கள்தான் முதன்மை, ஆட்சியாளர் அதற்கெல்லாம் பிறகு என்று சொல்லும் நூல் அது. கொடுங்கோலனை வீழ்த்தினால் அது அரச கொலையே அல்ல என்கிறவரை போகிறது. பெயருக்கு ஏற்றபடி நடக்காதவன் அரசனே இல்லையே!

மேலே சொன்ன ஹுங்வூ பேரரசருக்கு இது பிடிக்கவில்லை. 1394இல் அந்த நூலில் இருந்து 85 பகுதிகளை வெட்டி, சுருக்கப் பதிப்பு ஒன்று தயாரிக்கச் செய்தார். வெட்டிய பகுதியில் இருந்து தேர்வில் கேள்வி கேட்கக்கூடாது என்பதும் ஏற்பாடு. ‘பரீட்சைக்கு வராது’ என்றால் யார் படிப்பார்கள்? ஆனால் அவர் மறைந்து இருபது ஆண்டுகள் ஆவதற்குள் முழு நூலும் பாடத்துக்குத் திரும்பிவிட்டது. மனப்பாடம் செய்தவர்களின் தலைக்குள் கத்தரிக்கோல் போகவில்லை.

அதே மிங் வம்சத்தில், 1560களில், ஹாய் ரூய் என்ற அதிகாரி இருந்தார். சாகாவரம் தேடிச் சடங்குகளில் மூழ்கி ஆட்சியைக் கவனிக்காமல் விட்ட ஜியாஜிங் பேரரசருக்கு, நீங்கள் செய்வது தவறு என்று நேரடியாக மனு எழுதினார். அனுப்புவதற்கு முன்னாலேயே தனக்குச் சவப்பெட்டி வாங்கி வைத்துவிட்டார் என்று வரலாறு சொல்கிறது. சிறை கிடைத்தது. பேரரசர் இறந்தபிறகு விடுதலை. இப்படி எழுதும் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது? அவரும் அதே மனப்பாடப் பள்ளியில் படித்தவர்தான். பெரியவர் தவறும்போது எடுத்துச் சொல்லாமல் இருப்பதும் தவறு என்பது அந்தப் பாடத்திலேயே இருக்கிறது.

கொரியாவில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. 1401இல் தேஜோங் மன்னர் அரண்மனைப் பக்கம் ஒரு பெரிய முரசு வைக்க ஏற்பாடு செய்தார். குறை தீராதவர்கள் வந்து அடிக்கலாம். நமக்கு உடனே மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணி ஞாபகம் வரும். கொரியாவின் முரசுக்கு அலுவலக நடைமுறையும் இருந்தது. முதலில் உள்ளூர் அலுவலகத்தில் முறையிடவேண்டும், அங்கே தீராவிட்டால் மேலே, அப்புறம்தான் முரசு. ‘முதலில் கீழ்நிலை அலுவலரை அணுகவும்’ என்பது புதிய வாசகம் இல்லை! நடைமுறையில் எளிய மனிதர் அந்த முரசுவரை வந்து சேருவது கஷ்டமாகவே இருந்தது.

ஆனால் மனு எழுதும் பழக்கம் வளர்ந்தது. 1855இல் யோங்னாம் பகுதி அறிஞர்கள், சென்ற நூற்றாண்டில் அநியாயமாகச் சாகடிக்கப்பட்ட இளவரசர் சாதோவுக்கு உரிய மரியாதை தரவேண்டும் என்று ஒரு மனு எழுதினார்கள். கையெழுத்திட்டவர்கள் 10,094 பேர். தாளைத் தாளோடு ஒட்டினால் கிட்டத்தட்ட 100 மீட்டர் நீளம். 2018இல் இது யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. போனும் இல்லை, ரயிலும் இல்லை. பத்தாயிரம் பேரிடம் ஆள் விட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஒரே பாடத்தைப் படித்தவர்கள் என்ற பிணைப்புதான் அவர்களைச் சேர்த்தது.

‘புதிய குடிமகன்’

19ஆம் நூற்றாண்டின் தோல்விகளுக்குப் பிறகு சீனா தன் பள்ளிகளையே சந்தேகப்பட ஆரம்பித்தது. 1905இல் தேர்வு முறை ரத்தானது. 1912இல் குடியரசின் முதல் கல்வி அமைச்சர் சாய் யுவான்பெய், தொடக்கப் பள்ளிகளில் செவ்வியல் நூல்களை ஓதும் பாடத்தை நிறுத்தினார்.

இந்த மாற்றத்தின் நடுவே ஒரு பத்திரிகையாளர் இருந்தார். இதழியல் படித்தவன் என்பதால் அவர் பெயரைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. லியாங் சிச்சாவ். ஜப்பானில் அகதியாக இருந்துகொண்டு, 1902இல் ‘புதிய குடிமகன்’ என்று ஒரு தொடர் எழுதத் தொடங்கினார். அவருடைய வாதம் இதுதான்: நம் கல்வி தனிமனித ஒழுக்கத்தை நிறையச் சொல்லித் தந்தது, மகன் எப்படி, தம்பி எப்படி, நண்பன் எப்படி நடக்கவேண்டும் என்று தெரியும். முன்பின் தெரியாத இன்னொரு மனிதருக்கும், எல்லாருக்கும் பொதுவான நாட்டுக்கும் நான் என்ன கடமைப்பட்டிருக்கிறேன் என்ற பொது ஒழுக்கம் மட்டும் வளரவில்லை. சுவாரசியம் என்னவென்றால், ‘புதிய குடிமகன்’ என்று அவர் வைத்த சொல்லே நான்கு நூல்களில் ஒன்றான ‘பெருங்கல்வி’யில் இருந்து எடுத்தது. கொஞ்ச காலம் கழித்து, தனிமனித ஒழுக்கமே இல்லாமல் பொது ஒழுக்கம் நிற்காது என்றும் அவரே எழுதினார்.

பொது ஒழுக்கத்தை அரசு மட்டும் வகுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் பாடம். 1890இல் பேரரசர் பெயரில் வந்த கல்விப் பிரகடனம் பெற்றோர் பக்தி, சகோதர அன்பு, நட்பு என்று கன்ஃபூசியஸ் வழி நற்பண்புகளில் தொடங்கி, அவசரம் வந்தால் நாட்டுக்காகத் தன்னையே கொடுப்பதில் முடிந்தது. பள்ளிகளில் தலைகுனிந்து நின்று கேட்டார்கள். அந்தத் தலைமுறைகள் போருக்குப் போயின. 1948இல் ஜப்பான் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதைத் தள்ளிவைத்தன.

சிங்கப்பூர் கற்றுக்கொண்டது

நம் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிற, தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற சிங்கப்பூரிலும் இந்தப் பரிசோதனை நடந்தது. வசதி வளர்ந்தது, மேலைநாட்டு மோகத்தில் பிள்ளைகள் வேரை விட்டுவிடுவார்களோ என்று 1980களின் தொடக்கத்தில் அரசு கவலைப்பட்டது. துணைப் பிரதமரும் கல்வி அமைச்சருமான கோ கெங் சுவீ 1982இல் சமய அறிவுப் பாடத் திட்டத்தை அறிவித்தார். சமயம் சாராத சீன மாணவர்களுக்காகக் கன்ஃபூசிய அறநெறியும் ஒரு விருப்பப் பாடமாகச் சேர்ந்தது. டு வெய்மிங் போன்ற அறிஞர்களை வெளிநாட்டில் இருந்து வரவழைத்து ஆலோசித்துப் பாடநூல் எழுதினார்கள்.

1984 முதல் உயர்நிலை வகுப்பு மாணவர்கள் விவிலியம், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், சீக்கியம், கன்ஃபூசிய அறநெறி போன்றவற்றில் ஒன்றைக் கட்டாயம் எடுக்கவேண்டும். இவ்வளவு ஏற்பாடு செய்த கன்ஃபூசிய அறநெறியை விடப் பௌத்தத்தை எடுத்த மாணவர்களே அதிகம். அதோடு, தனித்தனி வகுப்பில் தனித்தனி சமயம் படிப்பது பிள்ளைகளைப் பிரித்துவிடுமோ என்ற அச்சமும் வந்தது. 1989இல் கட்டாயத்தைக் கைவிடும் முடிவு வெளியானது.

1991இல் அங்கே ‘பகிரப்பட்ட விழுமியங்கள்’ என்று ஐந்து கோட்பாடுகளை அரசு வெள்ளை அறிக்கையாக நாடாளுமன்றத்தில் வைத்தது. இது சீனர் விழுமியத்தை எல்லார் மேலும் ஏற்றும் வேலையோ என்று மலாய், இந்தியச் சமூகங்களில் எழுந்த கவலைக்கு அந்த அறிக்கையே பதில் சொல்லவேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு எல்லா மாணவரும் ஒன்றாக உட்காரும் குடிமை, நன்னெறிக் கல்வி வந்தது. சில ஆண்டுகளிலேயே தன் திட்டத்தைத் தானே திருத்திக்கொண்டதைப் பாராட்டத்தான் வேண்டும். யாருடைய நூலில் இருந்து ஒழுக்கத்தை எடுக்கிறோம் என்பதும், பக்கத்தில் உட்கார்ந்து படிப்பவர் யார் என்பதும் குடிமைப் பாடத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தப்பட்டவை.

சீனாவில் இன்றைக்கு அந்தப் பழைய ஓதும் வகுப்புகள் மறுபடி வந்திருக்கின்றன. பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்பாமல் செவ்வியல் நூல் ஓதும் தனி வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். 2006இல் ஷாங்காயில் அப்படி ஒரு பள்ளியை மூடச் சொல்லி அதிகாரிகள் உத்தரவிட்டபோது பெரிய விவாதமே நடந்தது. அரசும் தன் பங்குக்குப் பள்ளிப் பாடத்தில் செவ்வியல் இலக்கியத்தைக் கூட்டியிருக்கிறது. மனப்பாடம் நல்லதா, அது யாருக்காக என்ற கேள்வி அங்கே இன்னும் ஓயவில்லை.

மறுபடி அந்த அட்டை

இவ்வளவையும் படித்துவிட்டு எனக்குக் கிடைத்தது என்ன? மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, ஒழுக்கம் சொல்லித் தருவது வீண் வேலை இல்லை. ஹாய் ரூய் மாதிரி ஒருவரும், பத்தாயிரம் கையெழுத்தும் அந்தப் பாடத்தில் இருந்து வந்தவை.

இரண்டு, ஒரே பாடம் அடக்கவும் உதவும், நிமிர்ந்து நிற்கவும் உதவும். முழு நூலையும் கையில் கொடுக்கிறோமா, 85 பகுதியை வெட்டிவிட்டுக் கொடுக்கிறோமா என்பதில்தான் வித்தியாசம். குடிமகனுக்குக் கடமையை மட்டும் சொல்லி உரிமையைச் சொல்லாமல் விட்டால், அதுவும் வெட்டிய பதிப்புதான்.

மூன்று, ‘ஒருவரை ஒருவர்’ என்ற சொல் இருக்கும்வரை அது ஒப்பந்தம். அது போய்விட்டால் வெறும் அறிவிப்பு.

அதனால் அந்த அட்டையை நான் மறுபடி எழுதினேன். இப்போது அதில் இரண்டு பத்தி. இடப்பக்கம் ‘நீங்கள்’. வலப்பக்கம் ‘நாங்கள்’. ‘சரியான ஆவணங்களோடு விண்ணப்பியுங்கள்’ என்பதற்கு எதிரே ‘என்னென்ன ஆவணம் என்று ஒரே தடவையில் சொல்வோம்’. ‘வரிசையில் நில்லுங்கள்’ என்பதற்கு எதிரே ‘வரிசையை மீறி யாரையும் அழைக்க மாட்டோம்’. ‘முடிவுக்குக் காத்திருங்கள்’ என்பதற்கு எதிரே ‘எத்தனை நாள் என்று சொல்வோம், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருவோம்’. வலப்பக்கத்தை எழுதத்தான் அதிக நேரம் ஆனது. ஒவ்வொரு வரிக்கும், இதை நம்மால் செய்ய முடியுமா என்று நாலு பேரிடம் கேட்கவேண்டியிருந்தது. இரண்டு வரியை எடுத்துவிடச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டேன், பேச்சு இன்னும் நடக்கிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற, படித்துக்கொண்டிருக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். கையில் இருக்கிற போனில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறீர்கள், கட்டணம் கட்டுகிறீர்கள், நிலையைப் பார்க்கிறீர்கள். அதெல்லாம் சேவை பெறுபவரின் வேலை. அதே போனில் உங்கள் தெருக் குழுவில், இந்த மாதம் நாம் ஒருவருக்கு ஒருவர் என்ன செய்தோம் என்று ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். அலுவலகத்துக்கு வரும்போது உங்கள் கடமையைச் செய்துவிட்டு, அந்தப் பெரியவர் மாதிரி, சிரித்துக்கொண்டே, “உங்க பக்கத்துக்கு ஒரு பத்து?” என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பெயருக்கு ஏற்றபடி நடக்க எங்களுக்கு அது உதவும்.